லேத் மெசின் குடித்த தேத்தண்ணி

அந்த நாற்றம் என் உடம்பிலிருந்து வருகிறது என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, முழுதாக ஒரு வாரம்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஐம்பதைத் தாண்டிய ஒருவன் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஓர் அறைக்குள் தனியாக நின்று கூழ்முட்டை வாடையை முகர்கிறான். அறையில் வேறு ஆள் இல்லை, கோழியும் இல்லை. அதற்கு முதல் நாள் ஞாயிறு. மத்தியானம் முள்ளங்கிக் கறியோடு மூன்று அவித்த முட்டையை உள்ளே தள்ளியது நினைவிருக்கிறது. வேறு யாரைத்தான் சந்தேகப்படுவான்? மரியாதையாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்க் காற்றாட நின்றேன். திரும்பி வந்தபோது வாடை அங்கேயே இருந்தது. நான் வெளியே நின்றபோதும் அது உள்ளே இருந்திருக்கிறதே என்று அப்போது யோசித்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது. யோசிக்கவில்லை. பயம் வந்துவிட்டால் எனக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இருக்கிறேன். ஸ்டோரு என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கொழுந்தாக உள்ளே போவது தூளாக வெளியே வரும் கட்டடம் அது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் தகரக் கொட்டில் என் பட்டறை. கொழுந்தை உருட்டும் மெசினில் ஏதாவது தேய்ந்தாலும், காற்றாடியின் தண்டு வளைந்தாலும் என்னிடம்தான் வரும். கைவேலை தெரிந்தவனை இங்கே பாஸ் என்று கூப்பிடுவார்கள். பெயர்தான் பெரிது. எனக்குக் கீழே வேலை செய்வது ஒரு லேத் மெசின் மட்டும்.

அந்த மெசின் என்னைவிட மூத்தது. இரும்பைக் கவ்விச் சுழற்றும், நான் கத்தியை வைத்துச் சீவுவேன். சீவச் சீவ இரும்பு கொதிக்கும். அதைத் தணிக்க ஒரு தண்ணீர் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் கலந்தது, பார்க்கப் பசும்பால் மாதிரி இருக்கும். பால் தண்ணி என்போம். சின்னப் பம்ப் ஒன்று அதை மேலே ஏற்றும். குழாய் வழியாக இரும்பின்மேல் விழுந்து, கீழே அகலமான தட்டில் வடிந்து, தொட்டிக்குள் போய்த் திரும்பவும் மேலே வரும். குறைந்தால் பீலியில் ஒரு வாளி பிடித்து ஊற்றுவேன். மலை ஊற்றுக்குத் தகரம் வைத்து வழி விட்ட எங்கள் பீலித் தண்ணீரைக் குடித்துத்தான் தோட்டமே உயிர் வாழ்கிறது, மெசினுக்கு என்ன குறை? அதோடு ஒரு சிரட்டை எண்ணெய். தொட்டியை முழுதாக இறைத்துக் கழுவியது எப்போது என்று கேட்டால், கழுவியபோது எனக்குத் தலையில் நிறைய முடி இருந்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் ஸ்டோரிலிருந்து தேத்தண்ணி வரும். வடிகட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. தூளும் சீனியும் வெந்நீரும் ஒரே போணியில். கோப்பையை லேத்தின் தலைமேல் வைத்து ஊதி ஊதிக் குடிப்பேன். அடியில் சீனியும் தூளுமாக மண்டி நிற்கும். அந்தக் கடைசி மிடறை எங்கள் பக்கத்தில் யாரும் குடிப்பதில்லை.

நாற்றம் வந்த அதே வாரம் இரண்டு கைகளும் முழங்கைவரை சிவந்து தடித்தன. அரிப்பு என்றால் அப்படி ஒரு அரிப்பு. கோயில் வளைவில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் பிடிக்கும். அங்கே போய் நின்று, உடம்பில் கூழ்முட்டை வாடை, கையில் தடிப்பு என்று தேடினேன். கல்லீரல் என்றது போன். அடுத்த வரியில் சிறுநீரகம் என்றது. மூன்றாவது வரிக்கு முன்னால் மழை வந்து என்னைக் காப்பாற்றியது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டரையா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதற்குள் கையை விடுகிறேன் என்று கேட்டார். ஒன்றுக்குள்ளும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தண்ணீருக்குள் கையை விடுகிறவனுக்கு அது கைக்கு உறை மாதிரி, நினைவுக்கே வராது. ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார். பூசிக்கொண்டதும் இரண்டு கைகளும் கல்யாண வீட்டுப் பந்தல்கால் மாதிரி ஆயின. வாடை போகவில்லை.

சாகப்போகிறவன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். சேமலாப நிதிக் கடுதாசி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். சோற்றில் உப்பு இல்லாதபோதும் நன்றாயிருக்கிறது என்றேன். அந்த உப்பில்லாத சோற்றில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னை வாசலில் நிறுத்திவிட்டு, ஆணியில் தொங்கிய என் வேலைச் சட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். பிறகு என் கழுத்தில் வைத்தாள்.

"நாத்தம் ஒங்ககிட்ட இல்ல. சட்டையிலதான்."

"நல்லா மோந்து பாத்தியா?"

"கலியாணம் கட்டுன நாள்லருந்து மோந்துகிட்டுத்தானே இருக்கேன். ஒங்க நாத்தம் எனக்குத் தெரியாதா?"

இவ்வளவு ஆறுதலான வார்த்தையை அவள் என்னிடம் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பிறகும் சொன்னதில்லை.

மறுநாள் துவைத்த சட்டையோடு பட்டறைக்குப் போய் லேத்தின் பம்பைப் போட்டேன். குழாயிலிருந்து முதல் சொட்டு விழுந்தபோதே தெரிந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து அசையாமல் கிடந்த தண்ணீர் கிளம்பி வந்து என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தது மாதிரி இருந்தது. தொட்டியின் மூடியைத் தூக்கினேன். மேலே மெசினிலிருந்து ஒழுகிய கறுப்பு எண்ணெய் ஆடை மாதிரிப் படர்ந்து கிடந்தது. விரலால் விலக்கினால் அடியில் சாம்பல் நிறம். ஓரத்தில் வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கூழ்முட்டை அங்கேதான் இருந்தது.

நான் சாகப்போவதில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கிற நேரம் நின்றது. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம், தலைக்குமேல், பெரிய காற்றாடி ஓடத் தொடங்கியது. மூடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன், சந்தோஷம் போய்விட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். தேயிலை வாடை குடிக்கும். பக்கத்தில் எது இருந்தாலும் இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதனால் ஸ்டோருக்குள் வாடை எதுவும் வரக் கூடாது. சலிக்கிற அறைப் பெண்கள் தலையில் வைத்த பூவை வாசலில் இருக்கும் ஆணியில் கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வேலை முடிந்து போகும்போது யார் பூ யாருடையது என்று அங்கே ஒரு சண்டை நடக்கும். கருவாட்டுக் குழம்பு கட்டிக்கொண்டு வந்தவன் வெளியே மழையில் நின்று தின்ன வேண்டும். ஆயுத பூசைக்கு மெசினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைக்கலாம், ஆனால் கற்பூரத்தை முற்றத்தில் கொளுத்திச் சாமியை அங்கேயே கும்பிட்டுக்கொள்ள வேண்டும். சாமிக்கே அந்த நிலை.

காற்றாடி இருப்பது மேல் தட்டில். அங்கேதான் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, காற்றை ஊதி வாட்டுவார்கள். அந்தக் காற்றை எங்கேயிருந்து இழுக்கிறது? காற்றாடிக்கு நேர் பின்னால் என் பட்டறைதான். ஒரு வாரமாக நான் என் கல்லீரலை முகர்ந்துகொண்டிருந்தபோது, அந்தக் காற்றாடி என் தொட்டியின் நாற்றத்தை உறிஞ்சி ஒரு வாரக் கொழுந்தின்மேல் ஊதியிருக்கிறது. நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அதற்கு முந்திய வருடம் அடுப்புப் பக்கம் வேலை செய்த ஒருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூள் மூட்டை அருகே வைத்துவிட்டார். கொழும்பில் குடித்துப் பார்த்தவர்கள் வாடை அடிக்கிறது என்று அந்தத் தூளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆளை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். மலைக்கு என்றால் தேயிலைக் காட்டுக்கு, புல் வெட்ட. காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, மண்வெட்டியோடு ஏற வேண்டும். எனக்கு இரும்பைத் தவிர வேறு எதையும் வெட்டத் தெரியாது. முழங்கால் இரண்டும் படியேறும்போதே பேசும். பதினெட்டு வயதில் மலையிலிருந்து தப்பி இந்தக் கொட்டிலுக்குள் நுழைந்தவன் நான். திரும்பவும் மலைக்கு அனுப்பினால் முதல் வாரத்திலேயே என்னைத் தூக்கிக்கொண்டுதான் இறங்குவார்கள். இதை விளையாட்டாக எழுதுகிறேன். அன்று அந்த மூடியைக் கையில் பிடித்தபடி நின்றவன் அப்படியே இரும்புத்தூள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். தூள் தயாரிப்பதற்குப் பொறுப்பானவர் டீமேக்கர். அவரிடம் உள்ளதைச் சொன்னால், திட்டிவிட்டுப் புது எண்ணெய் தருவார். ஸ்டோர் வாசலில் அவரே எதிரில் வந்தார், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

"பாஸ், எங்கயோ எலி செத்துக் கெடக்கு."

வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"ஆமாங்க ஐயா. எலிதான்."

அந்த இரண்டு வார்த்தைக்காக நான் மூன்று நாள் இல்லாத எலியைத் தேடினேன். தேடினேன் என்பதுகூடச் சரியில்லை, தேடுதலுக்குத் தலைமை தாங்கினேன். டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனேன். மேல் தட்டின் பலகைகளைப் பெயர்த்தோம். டீமேக்கர் ஐயாவும் கூடவே குனிந்து வந்தார், குளிர்காற்று வீசுகிற அந்தத் தட்டில் மூன்று நாளும். எலி இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கும், இதுதான் அதன் புழுக்கை என்று நான் சொல்லச் சொல்ல, மூன்றாம் நாள் எனக்கே அந்த எலி மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. கிடைத்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

இடையிடையே தொட்டியை மருந்தடித்துக் குணமாக்கப் பார்த்தேன். இறைத்து ஊற்றினால் புது எண்ணெய் வேண்டும். எண்ணெய் ஒபிசில், பூட்டுக்குள். எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் எலி எங்கே போகும்? பினாயிலோ கற்பூரமோ போடலாம் என்றால் அது இன்னொரு வாடை. வாடையில்லாத மருந்தாக இருக்க வேண்டும். சலிக்கிற அறையில் ஓர் அக்கா இருக்கிறார், வேலை முடிந்து வெளியே போகும் வரைக்கும் பொறுக்க முடியாமல் மடியில் வெற்றிலைப் பொட்டலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர். அவரிடம் போய்க் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டேன்.

"வெத்தல போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"எனக்கில்லக்கா. மெசினுக்கு."

"போட்டா மெசினு செவக்குமா?"

சிவக்கவில்லை. திரிந்தது. சுண்ணாம்பு விழுந்ததும் பால் தண்ணி தயிர் மாதிரிக் கட்டி கட்டியாகி, பம்பின் வாயை அடைத்துக்கொண்டது, கம்பியால் குத்தி எடுத்தேன். வாடை மட்டும் ஒரு நாள் அடங்கியது. வியாழக்கிழமை நான் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அது பழைய பலத்தோடு வந்து நின்றது.

அன்று மத்தியானம், ஸ்டோர் வாசல் ஆணியில் தொங்கிய மல்லிகைப் பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கு என் வாழ்க்கையிலேயே பெரிய யோசனை வந்தது. தேயிலை வாடை குடிக்கும். இந்தத் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் அது. அப்படியானால், குடிக்கட்டுமே.

சலித்து ஒதுக்கிய கழிவுத் தூள் ஸ்டோரின் பின்னால் குவிந்து கிடக்கும். அதில் மூன்று கிலோ அளவு அள்ளி, மாவுப் பையில் போட்டு, வாயைக் கட்டுக் கம்பியால் இறுக்கி, சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் தொட்டிக்குள் இறக்கினேன். மிதந்தது. மேலே ஓர் இரும்புத் துண்டை வைத்து அமுக்கினேன். இரண்டு நாள் நிம்மதியாக ஊறி, நாற்றம் அத்தனையையும் தேயிலை குடித்துவிடும், திங்கட்கிழமை பையைத் தூக்கி எறிந்தால் தீர்ந்தது கதை. ஞாயிற்றுக்கிழமை முள்ளங்கிக் கறியும் மூன்று முட்டையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

திங்கட்கிழமை மூடியைத் தூக்கியபோது தொட்டிக்குள் மை இருந்தது. பள்ளிக்கூடத்தில் போத்தலில் வாங்கி வருவோமே, அதே கருநீல மை. தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கத்தியில் சாயம் பட்டுக் கறுப்பதை வீட்டில் ஆயிரம் முறை பார்த்தவனுக்கு அது தோன்றவில்லை. மாவுப் பை உப்பி, மேலே வெள்ளைப் பாசி பூத்து, மூச்சு விடுவது மாதிரி நடுவில் ஒவ்வொரு கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பார்கள்.

ஏதாவது செய்ய வேண்டும். பம்பைப் போட்டால் காற்றுப் பட்டுக் கொஞ்சம் தெளியும் என்று நினைத்துப் போட்டேன். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுக் கறுப்பாகப் பீச்சியடித்தது. வெள்ளிக்கிழமை பாடுபட்டுச் சீவி வைத்திருந்த புதுத் தண்டின்மேல், சுவரின்மேல், என் முகத்தின்மேல். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றபோது சலிக்கிற அறை அக்கா கதவருகே வந்தார்.

"ஐயா கூப்பிடுறாரு, உடனே வரணுமாம்." பிறகு என்னை உற்றுப் பார்த்து, "மூஞ்சியில என்ன, மீசைக்குச் சாயம் அடிச்சீங்களா?" என்றார்.

டீமேக்கர் ஐயாவின் அறைக்குப் போகிற அந்த இருபது அடிக்குள் நான் மனத்துக்குள் மண்வெட்டி பிடித்துப் பழகிவிட்டேன். உள்ளே மேசையில் ஆறு வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. கடந்த இரண்டு வாரத் தூள். லொறி முற்றத்தில் நின்றது, அன்றைக்கே கொழும்புக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்தது, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஐயா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பாஸ், மேல் தட்டுல எலி தேடப்போயி எனக்குச் சளி புடிச்சிருச்சு. ஒன்னும் மணக்கல, ஒன்னும் ருசிக்கல. நீங்கதான் இங்க வெத்தல, பீடி ஒன்னும் இல்லாத ஆளு. குடிச்சுப் பாத்து, வாடை ஏதும் இருக்கான்னு சொல்லுங்க."

என்னுடைய எலியைத் தேடித்தான் அவருக்கு மூக்கு அடைத்தது. அவருடைய மூக்கின் வேலையை இப்போது நான் செய்ய வேண்டும். அந்த அறையில் இருந்த கடவுள் படத்தைப் பார்த்தேன். அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

முதல் கோப்பையை உறிஞ்சினேன். கூழ்முட்டை. இரண்டாவதிலும் கூழ்முட்டை. மூன்றாவதைக் கையில் எடுக்கும்போதே, வாய்க்கு வருவதற்கு முன்பே, கூழ்முட்டை. ஆறும் அதேதான். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். நல்லாயிருக்குங்க என்று சொன்னால் லொறி போய்விடும். நான் இன்னும் இரண்டு வாரம் லேத்தோடு இருப்பேன், பிறகு தூள் திரும்பி வரும், அப்போது என்னோடு இவரும் போவார். மூன்று நாள் எனக்குப் பின்னால் டோர்ச் வெளிச்சத்தில் குனிந்து வந்த மனிதர். பன்னிரண்டாவது மிடறோடு கோப்பையை மேசையில் வைத்தேன்.

"ஐயா," என்றேன், "எலி இல்லீங்க."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்லீரல், சுண்ணாம்பு, மாவுப் பை, காற்றாடி, எல்லாம். எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. கடைசியில் தூள் முழுக்க நாறுதுங்க, என்னை மலைக்கு அனுப்பிடுங்க என்று நானே கேட்டுக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, மையோடு சேர்ந்து கன்னத்தில் கோடு போட்டது.

ஐயா என் மீசையைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த வெந்நீர்க் கேத்தலைக் காட்டினார்.

"மூஞ்சியக் கழுவுங்க. மீசைய நல்லாத் தேச்சுக் கழுவுங்க. சவுக்காரம் போடாதீங்க."

மூன்று தரம் கழுவினேன். தண்ணீர் கறுப்பாக ஓடி, சாம்பலாகி, தெளிந்தது. முதல் கோப்பையைத் திரும்ப உறிஞ்சச் சொன்னார். உறிஞ்சினேன். எங்கள் தோட்டத்துத் தேத்தண்ணி. வெறும் தேத்தண்ணி. ஆறிப்போன, நல்ல தேத்தண்ணி. ஆறு கோப்பையையும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டேன். துப்ப வேண்டியதைக் குடிக்கிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. தனக்கு ஒரு துணைக்கு ஒபிஸ் கிளார்க்கரையும் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார். அவரும் வாடை இல்லை என்றார். லொறி போனது.

ஐயா என்னோடு பட்டறைக்கு வந்தார். வழியில் காற்றாடியின் கீழே நின்று, அது காற்றை எடுக்கிற சன்னலைக் காட்டினார். அது மறுபக்கச் சுவரில், ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. நான் அந்தக் காற்றாடியின் தண்டை நான்கு தரம் கழற்றி மாட்டியிருக்கிறேன். எந்தப் பக்கம் உறிஞ்சுகிறது என்று பார்த்ததில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சளி அவரைக் காப்பாற்றியது.

"இது என்ன பை?"

"தேயிலைங்க. நாத்தத்த இழுக்கும்னு."

"தேயிலைக்கு நாத்தம் ஏறிருமுன்னு பயந்து, நாத்தத்துக்குள்ள கொண்டுபோயித் தேயிலையப் போட்டீங்க."

நான் பையைத் தூக்கி வெளியே கொண்டுபோய்ப் போட்டேன்.

அன்றே என்னை ஒரு போத்தல் மையோடு ஹட்டனுக்கு அனுப்பினார், எண்ணெய் வாங்கும் கடைக்கு. பஸ்ஸில் போத்தலின் மூடி கொஞ்சம் தளர்ந்துவிட்டது. பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் தன் குழந்தையின் காற்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். நானும் அந்தக் குழந்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அந்தப் பாவமும் என் கணக்கில் இருக்கட்டும்.

கடைக்காரர் முஸ்லிம் மனிதர், நானா என்போம், இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி ஆகும். அவர் போத்தலை முகரவில்லை. வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இது கெட்டுப்போன ஒயில் இல்ல, பாஸ். இதுக்குள்ள உசுரு ஈக்கி. கண்ணுக்குத் தெரியாத கிருமி. மேலால பழைய ஒயில் மூடி ஈக்கிதுதானே, காத்து உள்ளுக்குப் போகாது. காத்தில்லாம வாழ்ற சாதி ஒன்டு அடியில வளரும். லீவு நாள்ல மெசின் ஓடாட்டி அதுக்குப் பெருநாள். திங்கட்கிழமதான் நாறும், சரிதானே?"

சரிதான் என்றேன். கைகளைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, இதுவும் அதுதான், கையுறை போடுங்கள் என்றார். தொட்டியை முழுதாக இறைத்து, சுரண்டி, மருந்துத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும், குழாயையும் பம்பையும் விடக் கூடாது, நல்ல தண்ணீரை முதலில் ஊற்றி அதற்குள்தான் எண்ணெயைக் கலக்க வேண்டும், மிதக்கிற எண்ணெயை அன்றன்றைக்கு வழித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பீலித் தண்ணிக்கும் ஒயிலுக்கும் மட்டும் இவ்வளவு வளராது. இதுக்கு யாரோ தீனி போட்டீக்கிறாங்க. இனிப்பு ஏதும் விழுந்திச்சா?"

இல்லையே என்றேன்.

இரண்டு நாள் தொட்டிக்குள் தலையை விட்டுச் சுரண்டினேன். இல்லாத எலிக்காகப் பெயர்த்த பலகை அத்தனையையும் நானே தனியாகத் திரும்ப அறைய வேண்டும் என்பது ஐயா கொடுத்த தண்டனை. அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. மலைக்கு அனுப்பவில்லை. கொழும்புக்குப் போன தூளைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. கையில் தடிப்பு அடங்க இரண்டு மாதம் ஆனது. மெசின் இப்போது நாறுவதில்லை.

நடந்தது இவ்வளவுதான்: தினமும் காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும், கோப்பையின் அடியில் நின்ற சீனி மண்டியை, எழுந்து வெளியே போகச் சோம்பல்பட்டு, லேத்தின் தட்டில் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தவன் நான்.